நிப்பு கிழிக்குதுண்ணே

ஆடலூருக்குப் போன அன்று காரை மகாதேவிதான் ஓட்டினாள். அவள் மலைப்பாதையில் ஓட்டினால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஆரன் அடி, ஆரன் அடி" என்று வளைவுக்கு வளைவு உயிரை வாங்குகிற மனுஷன் ஈஸ்வரன். அன்றைக்கு அவரே சாவியை நீட்டி, "முழங்கால் பிடிச்ச மாதிரி இருக்கு, நீயே ஓட்டு" என்றார். பெருமாள்மலை தாண்டி, பண்ணைக்காடு தாண்டி, தாண்டிக்குடியில் டீ குடிக்க இறங்கும்வரை பாதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வலது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

கோளாறு முழங்காலில் இல்லை. அந்தக் கையில்தான் இருந்தது.

சித்திரை மாதம் ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாத நேரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், தன் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தம்பாட்டுக்கு எதையோ உருட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். இல்லாத மிளகை வைத்து உருட்டுகிற மாதிரி. நிறுத்தினால் நின்றது. மறந்தால் மறுபடி ஆரம்பித்தது. ஈஸ்வரன் பல் டாக்டர். அந்த உருட்டலுக்கு என்ன பேர் என்று படித்தவர்தான். ஆனால் அந்தப் பேரை மனசுக்குள்ளேகூட ஒருதரம் சொல்லிப் பார்க்கவில்லை.

தனக்குத்தானே ஒரு சமாதானம் வைத்திருந்தார். சும்மா கிடக்கும்போதுதான் கை ஆடுகிறது. ஊசியோ குறடோ எடுத்துவிட்டால் அடங்கிவிடுகிறது. வேலைக்கு ஒன்றும் குறைவில்லை என்றால் அதை ஏன் வியாதி என்று சொல்ல வேண்டும்?

மேல்மலைப் போளூரில் பூண்டு போடுகிற குடும்பத்திலிருந்து படித்து வந்து, கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஆஸ்பத்திரி போட்டவர் அவர். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மேல்மலை ஊர்களிலிருந்து வருகிற சனம், "போளூர் டாக்டரு கை பட்டா வலி தெரியாது" என்று நாள் முழுக்கக் காத்துக்கிடக்கும். அது காதில் விழுந்தால் ஈஸ்வரன் கேட்காத மாதிரி இருப்பார். உள்ளுக்குள் இனிக்கும்.

வைகாசியில் ஒரு கல்லூரிப் பையனுக்குப் பல் அடைக்கும்போது, துளைக்கிற கருவி வழுக்கிக் கன்னத்தின் உட்புறத்தைக் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். "நாக்க அசைச்சுட்டியேப்பா" என்று பழியை அவன்மேல் போட்டார். பக்கத்தில் நின்ற நர்ஸ் பாண்டிச்செல்வி ரத்தத்தைத் துடைத்துவிட்டு அவர் கையைப் பார்த்தாள்.

இந்த நிலைமையில்தான் ஆடலூர் முத்துராஜிடமிருந்து போன் வந்தது.

ஈஸ்வரனுக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. பேனாதான் பைத்தியம். மை ஊற்றி எழுதுகிற பழைய பேனாக்கள், தூர தேசத்துப் பேனாக்கள் என்று ஒரு மரப்பெட்டி நிறைய வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவற்றைக் கழுவித் துடைத்து அடுக்குவார். "புள்ளைக்குக் கூட இப்படித் தலை துவட்டி விட்டதில்ல" என்பாள் மகாதேவி. அந்தப் பைத்தியத்தில் அவருக்கு மூத்தவர் முத்துராஜ். காப்பியும் மிளகும் வைத்திருக்கிறவர். மனைவி போன பிறகு தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தார். இப்போது அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் புகை படிந்த மாதிரி மறைத்தது; ஓரக்கண்ணில் மட்டும் கொஞ்சம் தட்டுப்படும்.

"ஏலே ஈஸ்வரா, எனக்கு இனிமே எழுத்துத் தெரியாது" என்றார் போனில். "பேனாவெல்லாம் குடுத்துறலாம்னு இருக்கேன். சென்னையிலருந்து ஒருத்தரு மொத்தமா எடுத்துக்க வர்றாரு. ஆனா ரெண்டு மட்டும் தனியா வச்சிருக்கேன். அதுல ஒண்ணு உனக்கு. எதுன்னு நீயே வந்து எடுத்துக்க. மத்தத அவருக்குத் தர்றதா வாக்குக் குடுத்துட்டேன்."

எந்த இரண்டு என்று ஈஸ்வரன் கேட்கவில்லை. தெரியும்.

ஆடலூர் வீட்டு வாசலில் கார் நின்றதும், முத்துராஜ் சுவரைத் தொட்டுக்கொண்டே வெளியே வந்தார். முகத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்து அவர்களைப் பார்த்தார்.

"வாலே. வா தாயி. யாரு வண்டி ஓட்டுனது?"

"நாந்தாண்ணே" என்றாள் மகாதேவி.

"அப்பப் பத்திரமாத்தான் வந்திருப்பீங்க."

தன் கண்ணைப் பற்றி அவராகவே பேசினார். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாராம். "பாத்தும் பாக்காத மாதிரி போறான், பணக்காரத் திமிருன்னு சொல்லிருவாங்கள்ல? அதான் எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன், நீங்களா பேரச் சொல்லிக் கூப்புடுங்கப்பான்னு. இப்ப வழி நெடுக, அண்ணே நான் இன்னாரு, நான் இன்னாருன்னு ஒரே சத்தம். எலெக்சனுக்கு நிக்கிற மாதிரி இருக்கு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மகாதேவியும் சிரித்தாள். ஈஸ்வரன் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

ஜன்னலோரம் மேஜையில் ஒரு பழைய பட்டுத் துண்டை விரித்து இரண்டு பேனாவும் வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் மைப்புட்டியும் வெள்ளைத்தாளும்.

ஒன்று வெள்ளிப் பேனா. நூறு வருஷத்தைத் தொடப்போகிற அமெரிக்கப் பேனா. கறுத்த உடம்பின்மேல் வெள்ளிக் கம்பியில் கொடியோடியிருக்கும். அழகு அதில் இல்லை, நிப்பில் இருந்தது. மெல்ல அழுத்தினால் விரியும், விட்டால் கூடும். ஒரே கோட்டில் மயிரிழையும் வரும், நாணல் தடிப்பும் வரும். அப்படிப்பட்ட நிப்பு இப்போது எவனும் செய்வதில்லை. ஆடலூர் வரும்போதெல்லாம் ஈஸ்வரன் அதில் ஒரு வரி எழுதிப் பார்த்துவிட்டு மனசில்லாமல் திருப்பிக் கொடுப்பார். "பொண்ணு பாக்க வந்து பஜ்ஜி மட்டும் தின்னுட்டுப் போறவன்டா நீ" என்று முத்துராஜ் கேலி செய்வார்.

இன்னொன்று ஜப்பான் பேனா. பெருவிரலைவிடத் தடிமன். கறுப்பு அரக்கு பூசி, அதன்மேல் பொன் பொடியில் அலையும் அலைக்குமேல் பாதி நிலாவும் தீட்டியது. ஒரு ஆள் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த வேலை. விலையில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல. ஆனால் ஈஸ்வரன் எதை எடுப்பார் என்று அங்கே யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

"ரெண்டுலயும் மை போட்டு வச்சிருக்கேன். எப்பவும் எழுதுவியே, அத எழுது."

எப்பவும் எழுதுவது அவர் பேரும் ஊரும்தான். ஈஸ்வரன், போளூர், மேல்மலை. 'ஈ'யின் வளைவில் அந்த நிப்பு விரிந்து கூடுவதைப் பார்க்க அவருக்கு ஆசை.

வெள்ளிப் பேனாவை எடுத்தார். கை அடங்கியது. 'ஈ' எழுதினார். அழுத்தம் வரவில்லை. விரல்கள் ஏதோ கயிறு கட்டி இழுத்த மாதிரி நகர்ந்தன. 'ஸ்வரன்' எழுதும்போது எழுத்து சிறுத்தது. 'போளூர்' அதைவிடச் சிறுத்தது. 'மேல்மலை'க்கு வந்தபோது எறும்பு வரிசையாகிவிட்டது. பெரிதாக எழுத வேண்டும் என்று அவர் நினைத்தார், கை கேட்கவில்லை. அடுத்த வரியில் வேண்டுமென்றே அழுத்தினார். நிப்பின் பிளவில் ஒரு பக்கம் தாளில் மாட்டி மை தெறித்தது. வெள்ளைத்தாளில் கடுகு சிந்தின மாதிரி மைப்புள்ளிகள்.

நடுக்கத்தைத்தான் அவர் இத்தனை நாளும் வேவு பார்த்துக்கொண்டிருந்தார். இது நடுக்கமே இல்லை. ஆடாத கை, கருவியைப் பிடித்த கை, தானாகச் சுருங்கிப்போகிறது. சமாதானம் சொல்லி வைத்திருந்த இடத்திலேயே ஓட்டை விழுந்துவிட்டது.

"எப்படிலே வந்திருக்கு?" என்றார் முத்துராஜ். தாளின் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "எனக்கு அங்க ஏதோ கறுப்பாத் தெரியுது, அவ்வளவுதான். நீ சொல்லு, கேப்போம்."

ஈஸ்வரன் தாளைப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்குண்ணே."

"அட, வெவரமாச் சொல்லுலே. நான் எங்க போயிப் பாக்க? அந்த 'ஈ' எப்படி?"

"'ஈ'யோட வளைவு... எப்பவும்போல. மேல மெல்லிசா ஏறி, எறங்கும்போது பட்டையா. போளூர்ல அந்தக் கொம்பு நல்லா நிமுந்து நிக்குது."

முத்துராஜ் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அவர் முகத்தில் அந்த எழுத்து தெரிந்தது. "அப்படித்தான் வரும். அது அப்படித்தான் வரும்" என்றார்.

மகாதேவி காப்பித் தட்டோடு ஈஸ்வரனின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆயிரம் பிள்ளைகளின் கையெழுத்தைப் பார்த்தவள். அவர் சொன்னதையும் கேட்டாள், தாளையும் பார்த்தாள். தட்டை அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஈஸ்வரன் ஜப்பான் பேனாவை எடுத்தார். கனமான பேனா, கைக்குள் தானாக உட்கார்ந்தது. நிப்பு தடிப்பு, எப்படி இழுத்தாலும் ஒரே பட்டைக் கோடு. எழுத்து சிறுத்தாலும் அந்தத் தடிப்பில் அவ்வளவாகத் தெரியவில்லை. மருந்துச் சீட்டு எழுதிக் கொடுக்க, கையெழுத்துப் போட இது போதும். யார் பார்த்தாலும் பெரிய பேனா, மொத்தமான எழுத்து என்று விட்டுவிடுவார்கள்.

"இதையே எடுத்துக்குறேண்ணே."

"எத? கறுப்பையா?"

"ஆமா."

முத்துராஜ் நம்பவில்லை. "என்னலே சொல்ற? வெள்ளிக்குத்தான நீ வருசக் கணக்கா நாயா அலைஞ்ச? வெலயப் பத்தி யோசிக்கிறியா?"

"வெலயில்லண்ணே." ஏதாவது ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். வாயில் வந்தது வெளியே விழுந்துவிட்டது. "நிப்பு கிழிக்குதுண்ணே. கொஞ்சம் பெசகிருக்கு."

முத்துராஜ் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேஜையைத் தடவி வெள்ளிப் பேனாவை எடுத்து, கட்டைவிரல் நகத்தில் நிப்பை வைத்து மெல்ல ஓட்டிப் பார்த்தார். "போன மாசம் கழுவுனப்ப கை தவறிருச்சு" என்றார் தணிந்த குரலில். "துண்டு மேலதான் விழுந்துச்சுன்னு நெனச்சேன். தரையில பட்டிருக்கு போல. எனக்குத் தெரியாமப் போச்சே... இத்தன வருசம் காப்பாத்தி, கடைசியில நானே..."

அந்த இடத்தில், "இல்லண்ணே, பேனா நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஈஸ்வரனின் தொண்டைவரைக்கும் வந்தது. காப்பியைக் குடித்து அதை விழுங்கினார்.

திரும்பி வரும்போது மகாதேவி தாண்டிக்குடியில் டீக்குக்கூட நிறுத்தவில்லை. மூடுபனி இறங்கிவிட்டதால் விளக்கைப் போட்டுக்கொண்டு நிதானமாக ஓட்டினாள். பிறகு, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், "போளூர்ல கொம்பு எங்கங்க நிமுந்து நின்னுச்சு?" என்று கேட்டாள்.

"என்ன பேசுற நீ? அவரு வயசானவரு, மனசு நோகக் கூடாதேன்னு..."

"சரி." ஆரன் அடித்து ஒரு வளைவைத் திருப்பினாள். "நான் இதுக்கு மேல கேக்க மாட்டேன். நீங்களாச் சொல்றப்பச் சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. வீட்டில் ஆளுக்கொரு பக்கம் நடமாடினார்கள். ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அடுத்த வாரத்தில் ஒருநாள் காலை, ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரிய சத்தம். ஏரிக்கரையில் பிரெட் ஆம்லெட் கடை போட்டிருக்கிற அன்னக்கொடி. வருகிற டூரிஸ்ட்டை எல்லாம், "வாங்க சார், வாங்க மேடம், சூடா இருக்கு" என்று கூப்பிட்டே கூட்டம் சேர்க்கிறவள். அந்தக் குரலுக்குக் கதவு ஒரு தடையா? நேராக உள்ளே வந்துவிட்டாள். ஒரு பக்கத்துக் கன்னம் வீங்கியிருந்தது.

"சார், நீங்களே கேளுங்க நியாயத்த. இந்தப் புள்ள என்னைய எத்தன வாட்டி திருப்பி அனுப்புவா? ஒருநா டாக்டரு ஊர்ல இல்லங்கிறா. ஒருநா மிஷினு ரிப்பேருங்கிறா. நீங்க உள்ள உக்காந்து பேப்பர் படிக்கிறத நான் ஜன்னல்ல பாத்துட்டுத்தான போனேன்! வலி உசுரு போகுது சார்."

ஈஸ்வரன் பாண்டிச்செல்வியைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்துப் போயிற்று. அவளை மருந்து அறைக்குள் அழைத்துப் போய்க் கேட்டார்.

"என்னம்மா இது?"

"கடைசிக் கடவாய்ப் பல்லு சார். மொதநா நீங்க பாத்து எடுத்த எக்ஸ்ரேல நரம்ப ஒட்டிக் கெடக்கு. அறுத்துத்தான் எடுக்கணும்." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"அது எனக்குத் தெரியாதா? ஏன் திருப்பி அனுப்புனேன்னு கேக்குறேன்."

"அந்தத் தம்பிக்குக் கன்னத்துல பட்டதுலருந்து சார்... கஷ்டமான கேஸ் எல்லாத்தையும் திண்டுக்கல் போங்க, மதுர போங்கன்னு சொல்லிட்டு இருக்கேன். இவங்கதான் போக மாட்டேங்கிறாங்க, நீங்கதான் வேணுமாம்." அழுதுவிட்டாள். "உங்கள யாரும் ஒரு சொல்லு சொல்லிரக் கூடாதுன்னுதான் சார். எனக்கும் வேற வேல தெரியாது."

ஆக, தன் கையை வேவு பார்த்தது தான் மட்டும் இல்லை. அவமானம் சுருக்கென்று ஏறியது. ஏறிய வேகத்தில் கோபமாக மாறியது. "யாரக் கேட்டு செஞ்ச? ஆஸ்பத்திரி யாரோடது?" என்றார். "அவங்கள உக்கார வை. இன்னைக்கே எடுக்குறேன்."

அன்னக்கொடி ஜெயித்த முகத்தோடு நாற்காலியில் சாய்ந்தாள். ஈஸ்வரன் ஊசி போட்டார். ஊசி, பழைய ஈஸ்வரன் போட்ட மாதிரியே இறங்கியது. "பாத்தியா, எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல" என்று அன்னக்கொடி பாண்டிச்செல்வியிடம் சொன்னாள். ஈஸ்வரனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பாண்டிச்செல்விக்குக் கேட்கும்படியாக, "மரத்துப் போறதுக்குள்ள சீட்டு எழுதிடுறேன்" என்று சொல்லி, ஜப்பான் பேனாவின் மூடியைத் திருகினார்.

முதல் மாத்திரையின் பேர் நன்றாகத்தான் வந்தது. இரண்டாவது சிறுத்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் தடித்த நிப்பில் எழுத்து ஒரு அளவுக்கு மேல் சிறுத்தால் என்ன ஆகும் என்று அவர் யோசித்திருக்கவில்லை. எழுத்தின் கண்ணெல்லாம் அடைந்து, கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, மூன்றாவது வரி வெறும் மைக்கறையாகக் கிடந்தது. எந்த மாத்திரை, காலையா ராத்திரியா, எழுதின அவருக்கே படிக்கத் தெரியவில்லை. மறைக்கும் என்று நம்பி எடுத்துவந்த பேனா, இன்னும் பச்சையாகக் காட்டிக் கொடுத்துவிட்டது.

"ரெடி சார்" என்றாள் பாண்டிச்செல்வி. குரலே எழும்பவில்லை. சின்னக் கத்தியை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டார். கை ஆடவில்லை. அன்னக்கொடி வாயைத் திறந்து கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்கப் போகிற குழந்தை மாதிரி கை இரண்டையும் வயிற்றின்மேல் கோத்திருந்தாள். பல்லுக்கு அடியில் நரம்பு ஓடுகிற இடத்தை ஈஸ்வரன் மனசுக்குள் பார்த்தார். அதில் பட்டால் உதடு மரத்தது மரத்ததுதான். எச்சில் வழிவது தெரியாது. பேச்சு குழறும். 'வாங்க சார், வாங்க மேடம்' என்கிற குரல் அப்புறம் எப்படி வரும்?

கத்தியைத் தட்டில் வைத்தார்.

"அன்னக்கொடி, எந்திரி. இந்தப் பல்ல நான் எடுக்க மாட்டேன்."

அவள் கண்ணைத் திறந்தாள். மரத்துப்போன வாயால், "ன்ன ஆர்?" என்றாள்.

"எங் கை சரியில்ல. வியாதி. நாலஞ்சு மாசமாத் தெரியும். உன்னைய உக்கார வச்சு ஊசி போட்டதே தப்பு. மதுரையில நல்ல டாக்டரு இருக்காரு, நானே போன் பண்ணிச் சொல்றேன். செலவு என்னோடது."

சொல்லும்போது அவர் கை மடியில் கிடந்து உருட்ட ஆரம்பித்திருந்தது. அவர் நிறுத்தவில்லை. அன்னக்கொடி அந்தக் கையையே பார்த்தாள். பாண்டிச்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அன்னக்கொடி இறங்கிச் செருப்பைப் போட்டாள். "இத மொதல்லயே சொல்லிருந்தா நான் கடையத் தொறந்திருப்பேன்ல" என்று பாதி வாயால் சிடுசிடுத்துக்கொண்டே வாசல்வரை போனாள். போனவள் திரும்பி வந்தாள்.

"ஊட்ல சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"ஐய!" என்றாள். அவ்வளவுதான். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் மகாதேவி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஈஸ்வரன் எதிரில் உட்கார்ந்து கையை மேஜைமேல் வைத்தார். ஆடட்டும் என்று விட்டார். அவள் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னதை எல்லாம் கேட்டாள். கல்லூரிப் பையன், பாண்டிச்செல்வி, அன்னக்கொடி. ஆடலூர்த் தாளைத் தன் பையில் மடித்து வைத்திருப்பதாக அப்போதுதான் சொன்னாள்.

"கூட இருக்குறவ குருடின்னு நெனச்சீங்களா? நீங்க சட்டைப் பித்தான் போட எவ்வளவு நேரம் ஆகுதுன்னு தெரியாதா எனக்கு? சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு ஒவ்வொரு நாளும்..." அழுதாள். அழுதபடியே அவர் கையை இழுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள், ஓடிப்போகிற எதையோ பிடிக்கிற மாதிரி.

மதுரையில் நரம்பு டாக்டர், நடக்கச் சொன்னார், கைதட்டச் சொன்னார், விரலைத் திறந்து மூடச் சொன்னார். பார்க்கின்சன்தான். மருந்து இருக்கிறது, பல வருஷம் நன்றாகவே இருக்கலாம் என்றார். "ஆனா இனிமே அடுத்தவங்க வாய்க்குள்ள கத்தி வேண்டாம் டாக்டர்" என்றார். இவரையே டாக்டர் என்று கூப்பிட்டுச் சொன்னதுதான் ஈஸ்வரனுக்கு அதிகம் வலித்தது. வத்தலக்குண்டிலிருந்து ஒரு சின்ன வயசுப் பெண் டாக்டர் வர ஒப்புக்கொண்டாள். ஈஸ்வரன் முன்னறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பல்லைப் பார்த்து, என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னார். சிலர், "நீங்கதான் எடுக்கணும்" என்று அடம்பிடித்தார்கள். ஒவ்வொருத்தருக்கும் காரணத்தைச் சொன்னார். பத்தாவது ஆளுக்குச் சொல்லும்போதும் வாய் வறண்டது.

எல்லாரிடமும் சொன்னவர், ஆடலூருக்கு மட்டும் போன் போடவில்லை. கடைசியில் முத்துராஜே கூப்பிட்டார்.

"சென்னைக்காரரு வெள்ளிய வேணாம்னுட்டாருலே. நான் ஒளிக்கல, நிப்பு கிழிக்குதுன்னு எங்க டாக்டரு சொன்னாருன்னு உள்ளதச் சொன்னேன். அவரு எழுதியே பாக்கல, சரிபண்ணிக் குடுங்க எடுத்துக்குறேன்னாரு. சென்னையிலயே ஒருத்தன்கிட்ட அனுப்பித் தேச்சு வாங்குனேன். இப்பப் பாத்தா, பழைய வளைவு வரல, கட்டையா எழுதுதுங்கிறாரு. நீ ஒருநட வந்து எழுதிப் பாத்துச் சொல்லேன். உன் வார்த்தைய நம்பலாம்."

மறுநாளே போனார்கள். மகாதேவிதான் ஓட்டினாள்.

முத்துராஜ் பேனாவை மேஜையில் எடுத்து வைத்திருந்தார். ஈஸ்வரன் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். எழுதிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. சரிபண்ணினவன் கூராக இருந்த முனையைத் தட்டையாகத் தேய்த்து வைத்திருந்தான். தேய்ந்த தங்கம் தேய்ந்ததுதான். நூறு வருஷம் எழுதிய கோடு இனி அதில் வராது.

"அண்ணே, இந்தப் பேனாவுக்கு அன்னைக்கு ஒண்ணுமே இல்ல" என்றார். "கிழிக்கவும் இல்ல, பெசகவும் இல்ல. எனக்குத்தான் எழுத வரல. எனக்குப் பார்க்கின்சன். தாள்ல எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்துச்சு. நீங்க கேட்டப்ப வளைவு கிளைவுன்னு நானா இட்டுக்கட்டிச் சொன்னேன்."

முத்துராஜ் தலையை ஒதுக்கி அவரைப் பார்த்தார். முகம் பிடிபடாததால் இன்னும் கொஞ்சம் ஒதுக்கினார்.

"நான் கீழ போட்டதுல கெட்டுப்போச்சுன்னு இருந்தேன்."

"இல்லண்ணே."

"கண்ணு தெரியாதவன் பேனா வச்சிருந்தா இப்படித்தான்னு, ராத்திரியெல்லாம் என்னைய நானே திட்டிக்கிட்டுக் கெடந்தேன்லே."

ஈஸ்வரன் பேனாவை மேஜையில் வைத்தார்.

"எனக்குத் தெரியாதுங்கிற தைரியத்துலதான சொன்ன?"

"ஆமாண்ணே."

முத்துராஜ் எழுந்தார். சுவரைத் தடவிக்கொண்டு வராந்தாவுக்குப் போய், தோட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டார். ஈஸ்வரன் பின்னாலேயே போய், "அத நானே எடுத்துக்குறேண்ணே" என்றார்.

"வேணாம்" என்றார் முத்துராஜ் திரும்பாமல். "கெட்டத உன்கிட்டக் குடுக்க எனக்கு மனசு வரல. இங்கயே கெடக்கட்டும்."

மிளகுக்கொடி கட்டிய மரங்களுக்குள் எங்கோ ஆட்கள் களை வெட்டுகிற சத்தம் கேட்டது. மகாதேவி சாவியைக் கையில் எடுத்தாள். அப்போது முத்துராஜ், "தாயி, சாப்புடாமப் போகாத. சமைச்சு வச்சாச்சு" என்றார். ஈஸ்வரனைப் பேர் சொல்லி அழைக்கவில்லை.

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சமையல் செய்கிற அம்மா சோறு போட்டு மொச்சைக் குழம்பு ஊற்றினாள். முத்துராஜ் விரலால் தட்டின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். மகாதேவி தலையைக் குனிந்துகொண்டாள். பாதிச் சாப்பாட்டில், நிமிராமலே, முத்துராஜ் கேட்டார்.

"சோறு பெசைய முடியுதா?"

"முடியுதுண்ணே" என்றார் ஈஸ்வரன். பிறகு தட்டைச் சுற்றிப் பார்த்தார். "வாய்க்குக் கொண்டுபோறப்பக் கொஞ்சம் சிந்துது."

"ம்" என்றார் முத்துராஜ். சமையல்காரம்மாவைப் பார்த்து, "அவனுக்கு ஒரு கரண்டி எடுத்துக் குடு" என்றார்.